போனில் இடமில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

மில்லில் இன்று மேலாளர் எங்களைக் கூட்டி வைத்து ஒரு புது ஏற்பாடு சொன்னார். வரும் திங்கள் முதல் வருகைப் பதிவு கார்டில் கிடையாது, போனில்தான். நேரக் காப்பாளர்கள் அவரவர் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டு, ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். தோழிக்காகக் கார்டை அமுக்குகிறவள் யார், கழிப்பறையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவள் யார் என்று முகத்தைப் பார்த்தே இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். இனி இந்திராணியின் கண் வேண்டாம், போனின் கண் போதும் என்கிறார்கள். போகட்டும்.

வீட்டுக்கு வந்து செயலியை ஏற்றப் பார்த்தால், சேமிப்பிடம் போதவில்லை என்று போன் அடம் பிடிக்கிறது. நான் அதில் என்னத்தைச் சேர்த்து வைத்தேன்? சினிமா பார்ப்பதில்லை, பாட்டு இறக்குவதில்லை. யாரோ என் போனைத் தொடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் புதிதாக வந்திருப்பது ஒரே ஆள்தான்.

பிப்ரவரி 12, புதன்

எல்லாவற்றையும் முறையாக எழுதி வைக்கிறேன். பின்னால் ஏதாவது ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

வசுமதி என் தம்பி பாலகுருவின் இரண்டாவது மனைவி. தை மாதம்தான் கல்யாணம் ஆனது. வத்தலக்குண்டுக்காரி, வயது முப்பத்து நான்கு, ஜெராக்ஸ் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். கம்ப்யூட்டர், போன் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குருவின் முதல் மனைவி மேகலா டெங்குக் காய்ச்சலில் போய் மூன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டையும் எட்டு வயது ஆதிரையையும் பார்த்துக்கொள்வது நான். மேகலா கழுத்தில் தாலி ஏறியபோது நாத்தனார் முடிச்சுப் போட்டதும் நான், வசுமதி கழுத்தில் போட்டதும் நான். எனக்கு முடிச்சுப் போடுகிற வேலை யாருக்கும் வரவில்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வசுமதியைக் குறை சொல்ல இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. அதுதான் எங்கேயோ இடிக்கிறது. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். கேட்டால், "உப்பு அடுப்புப் பக்கம் இருந்தா கைக்கு வாகா இருக்கும்ல அண்ணி" என்கிறாள்.

சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிந்ததும் ஆதிரை அப்பாவின் போனில் அவள் அம்மா படங்களைப் பார்ப்பாள். இது தினமும் நடப்பது. குருவும் கூட உட்கார்ந்துகொள்வான். இப்போது வசுமதியும் போய் உட்கார்கிறாள். "இது எந்த ஊரு? இந்தச் சேலை எங்க எடுத்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். எந்தப் பெண் மூத்தவளின் படத்தைக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பாள்? ஒன்று, ரொம்ப நல்லவளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள் ஏதோ திட்டம் இருக்க வேண்டும். நல்லவர்களை நான் மில் வாசலில் அதிகம் பார்த்ததில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்கள், ரோஜாப்பூக்கள், பிள்ளையார்கள் என்று நானூறு படங்களை அழித்தேன். செயலி ஏறவில்லை. அதற்குள் மில் குழுவில் முப்பது காலை வணக்கங்கள் வந்து விழுந்தன.

பிப்ரவரி 15, சனி

இன்று விடுமுறை. ஒரு முடிவு கட்டிவிடுவது என்று மத்தியானம் உட்கார்ந்தேன்.

போனில் படங்கள் இருக்கிற இடத்துக்குப் போனால் மேலே போகப் போக வந்துகொண்டே இருக்கின்றன. நான் எடுக்காத படங்கள். யாரும் எனக்கு அனுப்பாத படங்கள். எப்படி வந்தன என்று தெரியவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இவைதான் என்று புரிந்தது. யாருடையது, என்னது என்று ஒன்றையும் பார்க்கவில்லை. தேர்வு செய்து, தேர்வு செய்து, மொத்தமாக அழித்துவிட்டேன். பச்சைப் பட்டில் மாலையோடு நின்றது, கொடைக்கானல் படகில் உட்கார்ந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தையை ஏந்திக்கொண்டு சிரித்தது, எல்லாம் போயின. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள் என்று போனே சொன்னது.

நடுவில் வசுமதி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ரொம்ப நேரமா தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"குப்பை கூட்டுறேன்."

"நான் வேணா பண்ணித் தரட்டுமா?"

"என் குப்பைய நானே கூட்டிக்கிறேன்மா."

போய்விட்டாள். அப்புறம் செயலியை ஏற்றினேன். சேமிப்பிடம் போதவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆயிரத்து எண்ணூறு படம் போயும் ஒரு துளி இடம்கூடக் கூடவில்லை. இது நடக்கக்கூடிய காரியமே இல்லை. என் போனில் யாரோ ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

மேலாளர் நாற்பது பெண்கள் முன்னால் கேட்டார்: "ஏம்மா, ஒரு போனைக்கூடச் சரி பண்ணத் தெரியாதா?" ஆபீஸில் கிடந்த பழைய போனைக் கொடுத்தார்கள். அதில் படம் எடுத்தால் எல்லோரும் காமாலை வந்தவர்கள்போல் இருக்கிறார்கள்.

மில் வேலைக்கே வாராத முடியோடு வருகிறவர்கள், படம் என்றதும் பொட்டைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறார்கள். வரிசை நகரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பரீட்சை என்று ஐந்து நாளாக ஆதிரை அப்பாவின் போனைத் தொடவில்லை. இன்று சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் அவள் குரல் கேட்டது. "அப்பா, அம்மா வீடியோ எங்கப்பா? வரமாட்டேங்குது."

குரு வாங்கிப் பார்த்தான். மேலும் கீழும் தள்ளினான். போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இங்க வா. மேகலா போட்டோ எல்லாம் போச்சுக்கா. ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாருடா. வேற எங்கயாச்சும் இருக்கும்."

"பாத்துட்டேன். கல்யாணப் போட்டோ, பாப்பா பொறந்தது, கடைசி வருசப் பொங்கலுக்கு அவ பாடினது, அம்புட்டும் போச்சு. தன்னால எப்பிடிப் போகும்? என் போன யாரு எடுத்தா?"

ஆதிரை அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். மேகலாவும் அப்படித்தான் அழுவாள். வசுமதி ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "நான் எடுக்கலைங்க. உங்க போன நான் தொடவே இல்ல," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

மில்லில் ஒரு கார்டு காணாமல் போனால், நான் எடுக்கவில்லை என்று முதலில் சொல்கிறவளைத்தான் நான் கவனிப்பேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் குரு பம்ப்செட் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஜெராக்ஸ் கடையில எட்டு வருசம் இருந்தவ. போன் விவகாரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எதுக்கும் யோசிச்சுக்கடா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குரு வசுமதியிடம் பேசவில்லை. தட்டை அவளே எடுத்து வைக்கிறாள், அவனே எடுத்துக் கழுவுகிறான். ஆதிரை என்னிடமே ஒட்டிக்கொண்டு திரிகிறாள். தலை பின்னிவிட என்னிடம்தான் வந்தாள். மூன்று வாரமாகச் சித்தியிடம் போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று வெடித்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடம் அந்தக் கதவுக்குப் பக்கம்.

"புடிக்கலைன்னா சொல்லிருக்கலாம்ல. செத்துப்போனவ உனக்கு என்ன கெடுதல் பண்ணா?"

"நான் அழிக்கலைன்னு எத்தன தடவ சொல்றது? அந்தப் புள்ள மேல சத்தியமா நான் அழிக்கல."

"புள்ள மேல சத்தியம் பண்ணாத!"

அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை. உண்மை சொல்கிறவள் இன்னும் நான்கு வார்த்தை கூடப் பேசியிருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மார்ச் 6, வியாழன்

அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லி வசுமதி வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டி, ஒரு கட்டைப் பை. முட்டி வலியைப் பார்க்கப் போகிறவள் எதற்குக் குளிர் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறாள்? குரு பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை.

உப்பு டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜமால் பாயின் செல்போன் கடைக்குப் போனேன். போனைப் பார்த்தார். ஏதேதோ சொன்னார். தலைவலி. சாப்பிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. முறையாக எழுதி வைக்கிறேன் என்று ஆரம்பித்தேன், ஆகவே எழுதுகிறேன்.

ஆயிரத்து எண்ணூறு படம் அழித்தும் இடம் வரவில்லை, யாரோ போனில் விளையாடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் என் போனைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் போனுக்கு மெயில் ஐடி யாரு போட்டுத் தந்தது?"

"என் தம்பி. எனக்குன்னு ஒண்ணு இல்ல. அவனோடதையே போட்டுத் தந்தான். வீட்ல எல்லாருக்கும் அதான்."

"அதான் விசயம். நம்மூர்ல பாதிப் பேரு வீட்ல இதே கதைதான்க்கா. ஒரு ஐடி, நாலு போனு. யாரு படம் எடுத்தாலும் எல்லாம் ஒரே கணக்குல போய் ஏறிக்கும். நாலு போன்லயும் தெரியும். நீங்க பாத்த படம் எதுவும் உங்க போனுக்குள்ள இல்ல. மேல இருக்கு. நீங்க எட்டித்தான் பாத்தீங்க."

"அப்போ நான் அழிச்சது?"

"மேலயே அழிஞ்சிருக்கும். எல்லார் போன்லயும் போயிருக்கும். உங்க போன்ல இல்லாதத அழிச்சா உங்க போன்ல எப்பிடி இடம் வரும்?"

அவர் தண்ணீர் கொடுத்தார். என் போனை அடைத்திருப்பது மில் குழுவில் வருகிற வீடியோக்களாம். இரண்டு நிமிஷத்தில் அவற்றைக் கழித்துவிட்டுச் செயலியையும் ஏற்றிக் கொடுத்தார். "படம் வேணும்னா பயப்படாதீங்க. குப்பைத் தொட்டியில அறுபது நாள் இருக்கும். இன்னும் முப்பத்தஞ்சு நாள் பாக்கி. திருப்பி எடுன்னு ஒரு பட்டன், அமுக்குனா வந்துரும். இப்பவே அமுக்கிரவா?"

"வேணாம்," என்றேன். "வீட்ல கேட்டுட்டு வாறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

தெரியாமல் செய்தது குற்றமா? இல்லை. ஐடியைப் போட்டுக் கொடுத்தது குரு, அதைப் பற்றி ஒரு வார்த்தை எனக்குச் சொல்லாதவனும் அவன்தான். இடம் வேண்டும் என்று நெருக்கியது மில். நான் நடுவில் மாட்டிக்கொண்டவள்.

இன்று சொல்லிவிடுவது என்று குருவுக்குக் காப்பி கொண்டுபோனேன். அவன், "நீ ஒருத்தி இல்லேன்னா எங்க கதி என்னாகுமோக்கா," என்றான். காப்பியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

வசுமதி தினமும் ஆதிரைக்குப் போன் செய்கிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறாள். குழந்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறது. வைக்கும்போது, "சித்தி, நீங்க எப்ப வருவீங்க?" என்று மெல்லக் கேட்டாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தாள்போல.

குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். இருபத்து நான்கு நாள் என்றிருந்தது. மூடிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

வசுமதியின் அண்ணன் வந்துபோனார். மரியாதையான மனிதர், வாங்கி வந்த பழத்தை என் கையில் கொடுத்தார். வரும் ஞாயிறு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வத்தலக்குண்டில் உட்கார்ந்து பேசுவதாக முடிவாகியிருக்கிறது. அவர் போனபிறகு குரு சொன்னான்: "பேசி என்னக்கா ஆகப்போகுது? மொகத்துக்கு நேரா பொய் சொல்றவளோட எப்பிடிக் குடும்பம் நடத்துறது? ஒத்துவராதுன்னு சொல்லிட்டு வந்துரலாம்."

கல்யாணமாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. முப்பத்து நான்கு வயதில் அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். என்னைச் சொல்லாததா?

பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் பருத்திக் கிடங்குக்குப் பின்னால் நின்று அமுக்கிவிட்டேன். திருப்பி எடு. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது.

படங்கள் வந்துவிட்டால் சண்டை தானாக முடிந்துவிடும். யார் அழித்தது என்ற கேள்வியே இருக்காது. போனில் ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். முன்பே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

ஆதிரைதான் முதலில் பார்த்தாள். "அம்மா வந்துட்டா! அப்பா, அம்மா வந்துட்டா!" என்று வீடு முழுக்க ஓடினாள். குரு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கண் கலங்கியது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரு நிமிஷம்தான்.

"பாத்தியாக்கா? நாளைக்குப் பெரியவுக முன்னாடி நிக்கணும்னதும் பயந்துட்டா. இத்தன நாளும் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்து இப்பத் திருப்பிப் போட்டிருக்கா. சத்தியம் வேற பண்ணாளே!"

"போன் கோளாறா இருக்கும்டா."

"என்னக்கா கோளாறு? ஒண்ணரை மாசம் காணாமப் போனது, பேச்சுவார்த்தைக்கு மொத நாள் கரெக்டா வருமா? நீதான அன்னைக்கே சொன்ன, அவளுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு. எனக்குத்தான் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

நல்லது செய்கிறேன் என்று அவள் கழுத்தில் இன்னும் ஒரு சுருக்கை மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்பது மணி பஸ்ஸில் போனோம். குரு, நான், எங்கள் பெரியப்பா. ஆதிரையைப் பக்கத்து வீட்டில் விட்டோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர்கள் வீட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டு, அவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்ணைக் கொடுத்த வீடு அல்லவா. வசுமதி அடுப்படி நிலைக்குள் நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குரு தன் போனை எடுத்து நடுவில் வைத்தான்.

"நான் சண்டைக்கு வரல. அழிச்சதுகூடப் பெருசில்ல. அழிச்சிட்டு, புள்ள மேல சத்தியம் பண்ணிட்டு, இப்பத் திருட்டுத்தனமாத் திருப்பிப் போட்டிருக்கா. இதுக்கு மேல நான் என்னத்த நம்புறது?"

அவள் அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். "வசு, என்னம்மா இது? திருப்பிப் போட்டியா?" அவர் குரலிலும் சந்தேகம் வந்துவிட்டது. அவள் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வசுமதி தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவனும் கைவிட்டால் முகம் எப்படி ஆகும் என்று இன்று பார்த்தேன். இனி ஒருபோதும் பார்க்க வேண்டாம்.

"நான்தான்," என்றேன்.

குரு, "என்னக்கா?" என்றான்.

"நான்தான் அழிச்சேன். என் போன்ல இடம் பத்தலைன்னு, என்ன படம்னுகூடப் பாக்காம அழிச்சேன். அது எல்லார் போன்லயும் போகும்னு எனக்குத் தெரியாது. செல்போன் கடையில சொல்லித்தான் தெரிஞ்சது. திருப்பிப் போட்டதும் நான்தான்."

"கடையில எப்ப சொன்னாங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "போன மாசம் பன்னெண்டாம் தேதி."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். குரு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அப்போது வசுமதி சிரித்தாள். சிரிப்பில் கண்ணீரும் வந்தது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா அண்ணி? இவுகளே அழிச்சிட்டாக, எனக்கு உறுத்தக்கூடாதுன்னு அழிச்சிட்டு, மனசு கேக்காம என் மேல பழியப் போடுறாகன்னு நெனச்சேன். அதான் நான் சண்டை போடல. பாவமா இருந்துச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் அம்மாதான் என் கையில் மோரைக் கொடுத்து, "குடிங்க, தெரியாம நடந்ததுதான" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் குருவும் வசுமதியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

குரு என்னிடம் பேசவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். காலையில் என் போனை வாங்கி, எனக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி போட்டு, தன்னுடையதை அதிலிருந்து எடுத்துவிட்டான். "இனிமே உன்னோடது உனக்கு, எங்களோடது எங்களுக்கு," என்றான்.

படங்கள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். நேற்று பஸ்ஸில் வாங்கிய டிக்கெட்டை நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மில்லில் செயலி நன்றாக வேலை செய்கிறது. மேலாளர் பாராட்டினார். வசுமதி எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டித் தந்தாள். ஆதிரைக்குத் தலை பின்னியதும் அவள்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். குருவும் ஆதிரையும் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வசுமதி எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எல்லாம் போச்சுன்னு அவுக கத்துனாகல்ல, எல்லாம் போகல. எங்கம்மா வீட்டுல இருக்கும்போது என் போன்ல தேடித் தேடிப் பாத்தேன். மேகலா அக்கா படம் பதினொண்ணு மிச்சம் கெடந்துச்சு. வேற வேலை இல்ல, அந்தப் பதினொண்ணத்தான் தெனமும் பாத்துக்கிட்டிருந்தேன்."

உருவி முடித்த காம்பையே நான் மறுபடி உருவினேன்.

"பதினொண்ணுலயும் நீங்க இருந்தீங்க அண்ணி. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஞாயித்துக்கெழமை நீங்க, 'என்ன படம்னுகூடப் பாக்காம அழிச்சேன்'னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் தோணுச்சு. பாக்காம அழிச்சா உங்க படம் மட்டும் எப்பிடித் தப்பிக்கும்?"

அடுத்தவள் கார்டை அமுக்கிவிட்டு என் முன்னால் நிற்கிற பெண்கள் எச்சில் விழுங்குவார்கள். நானும் விழுங்கினேன். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

"பாத்துத்தான் அழிச்சேன்," என்றேன். "ஒவ்வொண்ணாப் பாத்தேன். என் போன்ல மட்டும்தான் போகும்னு நெனச்சேன், அது சத்தியம். குருவோடது போகும்னு தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேன்."

"எதுக்கு அண்ணி? அவங்கதான் இல்லையே."

"அந்தப் படம் எல்லாம் எடுத்த வீட்டுலதான் நானும் இருந்தேன். ஏழு வருசம். ஆயிரத்து எண்ணூறு படத்துல நான் பதினொண்ணுல இருக்கேன். அதுலயும் ஒண்ணுல கை மட்டும். தாலி முடிச்சுப் போடுற கை. அவ போனதுக்கு அப்புறம்தான் இந்த வீட்டுல என்னைய ஒரு ஆளா மதிச்சாக. அப்புறம் நீ வந்த. சாயங்காலமானா மூணு பேரும் உக்காந்து அவளப் பாக்குறீங்க. ஒருநாள்கூட யாரும் என்னைய வந்து உக்காருன்னு கூப்பிடல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. சொல்லி முடித்ததும் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அவுககிட்ட நான் இதச் சொல்லமாட்டேன்," என்றாள். "ஆனா நீங்க என் மேல பழி விழுந்தத ஒரு மாசம் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு இனிமே உங்களப் பாத்தா உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். அத நான் என்ன பண்றதுன்னு தெரியல அண்ணி."

"சந்தேகப்படு," என்றேன். "எத்தன நாள் வேணுமோ படு. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் கீரையை அளந்து பார்ப்பதுபோல ஒரு முறை என் முகத்தைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கீரையைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மற்ற நாட்களில் குளிக்கப் போகும்போது தன் போனை அடுப்படி மேடையில் விட்டுவிட்டுத்தான் போவாள். இன்று ஈரக் கையைத் துடைத்து, அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.